வெள்ளைச் சுவரும் குப்பை வண்டியும்

ஜூன் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நகல் எடுக்கும் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் தனியார் துப்பறியும் அலுவலகத்துக்கு முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். மூன்று வீடியோத் துண்டுகளைக் கொடுத்தார். அவற்றில் பேசும் பெண்ணின் முகவரி வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

அலுவலகம் என்றால் இரண்டு மேசை, மூன்று நாற்காலி, கீழேயிருந்து படியேறி வரும் மை வாசனை. அவ்வளவுதான். பெரிய மேசைக்குப் பின்னால் இருப்பவளை ஊரே 'அண்ணி' என்றுதான் கூப்பிடும். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். எரிந்துபோன கடையைப் பார்த்தே தீப்பெட்டி யார் வீட்டுடையது என்று சொல்லக்கூடியவள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. சின்ன மேசைக்குப் பின்னால் இருப்பவனுக்கு அவள் உண்மையிலேயே அண்ணி. கொழுந்தன். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்து, வந்த போன்களைவிட வாய் அதிகம் வேலை செய்ததால் கடையை மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன்.

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கைக்குட்டையை அதே மடிப்பில் மறுபடி மடித்துப் பையில் வைத்தார். சட்டையிலும் ஒரு சுருக்கம் இல்லை. கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தார். கொழுந்தன் மனசுக்குள் அப்போதே பெயர் வைத்துவிட்டான்: இஸ்திரி.

"அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு மேடம்," என்றான் இஸ்திரி. "அம்மா போனதுலேருந்து தனியாதான் இருக்கார். முன்பின் தெரியாதவங்களோட வீடியோவுல பேசற ஆப் ஒண்ணு இருக்கில்ல? தள்ளத் தள்ள புதுசு புதுசா முகம் வரும். அதுல இந்தப் பொம்பளைகிட்ட மாட்டிக்கிட்டார். பெட்டி கட்டி வெச்சிட்டார் மேடம். வெள்ளிக்கிழமை இவளோடயே போறாராம்."

"எங்கே?"

"சொல்ல மாட்டேங்கறார். அதுக்குள்ள இவ வீடு எங்கேன்னு தெரிஞ்சா நான் நேர்ல போய்ப் பேசித் தடுத்துடுவேன். இவ மூணு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கான்னு அப்பா போன்ல அந்த ஆப் காட்டுது. அதனாலதான் பக்கத்துலயே உங்ககிட்ட வந்தேன்."

"இந்தத் துண்டுகள்ல அப்பா குரலே இல்லையே?"

"நான்தான் எடுத்துட்டேன். அவர் வழியறதை வெளியாள் கேக்கறது... குடும்ப மானம் மேடம்."

அண்ணி தலையை ஆட்டினாள். இஸ்திரி கைகூப்பிவிட்டுப் படியிறங்கினான். மனுஷன் படியில்கூட மடிப்புக் கலையாமல்தான் இறங்கினான்.

இருவரும் வீடியோவைப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண். கொண்டை, மூக்குக்கண்ணாடி, தெளிவான பேச்சு. பின்னால் வெள்ளைத் துணி ஒன்று இறுக்கமாகக் கட்டித் தொங்கியது. படம் இல்லை, நாள்காட்டி இல்லை, ஜன்னல் இல்லை. திரையின் ஓரத்தில் நேரம் மட்டும் தெரிந்தது. மூன்று நாளுமே ஒன்பது மணி தாண்டிய நேரம்.

"அதெல்லாம் சொல்றதில்லைங்க," என்றாள் முதல் துண்டில். "வேண்டாம், வேற பேசுவோம்," என்றாள் இரண்டாவதில். "கேமராவைத் திருப்ப மாட்டேன். நான் பேசறதுக்கு மட்டும்தான் வர்றேன்," என்றாள் மூன்றாவதில். மூன்றிலும் கடைசியில் சமையலுக்கு நேரம் வைக்கும் மணி ஒன்று எங்கோ கிணுங்கியது. அவள் "சரி, நேரமாச்சு" என்று சொல்லிப் போய்விட்டாள்.

"கைதேர்ந்த ஆளு அண்ணி," என்றான் கொழுந்தன். "பேர் இல்லை, ஊர் இல்லை, முதுகுக்குப் பின்னாடி வெள்ளைத் துணி. மணி அடிச்சா கட். கம்பி எண்ணினவங்ககூட இவ்வளவு உஷாரா இருக்க மாட்டாங்க."

"உங்க அண்ணன் சொன்னாரா?"

"அண்ணன் கம்பிக்கு வெளியே நின்னு எண்ணினவர். அவரைக் கேட்டா நாம எல்லாருமே உள்ளே இருக்க வேண்டியவங்கதான்."

அவன் அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கொல்லையில் துணி காயப்போடுவதைக்கூட வரிசை பிசகாமல் செய்வார்.

அண்ணி படத்தை நிறுத்தினாள். "முழங்கையைப் பாரு. வெள்ளையா என்னமோ."

"மாவு. சமையல்காரி."

"மாவுன்னா தட்டினா உதிரும். இது காஞ்சு வெடிச்சிருக்கு. சுண்ணாம்பு மாதிரி, ஆனா சுண்ணாம்பு இல்லை. சரி, இப்ப சத்தத்தை மட்டும் கேளு."

கொழுந்தன் காதைக் கிட்டே வைத்தான். மின்விசிறி. தூரத்தில் நாய். அதற்கும் அப்பால், மெலிதாக ஒரு பாட்டு மெட்டு. பாதியில் விக்கி நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அடுத்த துண்டிலும் அதே விக்கல். மூன்றாவதிலும்.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"அண்ணி! இது நம்ம குப்பை வண்டி! ஊர்ல எல்லா வண்டியும் முழுசாப் பாடும். நம்ம தெருவுக்கு வர்றது மட்டும்தான் பாதியில விக்கிட்டு மறுபடி முதல்லேருந்து பாடும். தினம் ஏழு மணிக்கு என் தூக்கத்துல மண்ணை அள்ளிப் போடற பாவி அதுதான்!"

"ஏழு மணிக்கு நம்ம தெரு. ஒன்பது மணிக்கு மேல இவ தெரு," என்றாள் அண்ணி. "நாளைக்கு வண்டிக்குப் பின்னாடியே போனா..."

"கண்டுபிடிச்சது நான். பதிவாகட்டும்."

"பதிவாச்சு. நாளைக்கு ஆறே முக்காலுக்கு எழுந்திரு, அதையும் பதிவு பண்ணிக்கறேன்."

புதன்கிழமை காலை ஸ்கூட்டர் குப்பை வண்டியின் வாலைப் பிடித்தது. கொழுந்தன் ஓட்ட, அண்ணி பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். துப்பறியும் தொழிலில் நிழல்போலத் தொடர்வது என்பார்கள். இங்கே நாற்றம்போலத் தொடர வேண்டியிருந்தது. வண்டி வீட்டுக்கு வீடு நின்றது. ஸ்கூட்டரும் நின்றது. தெரு நாய்கள் வண்டியை விட்டுவிட்டு ஸ்கூட்டரைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கின.

பையிலிருந்த போன் வேறு விடாமல் அதிர்ந்தது. இஸ்திரியின் செய்திகள். நிற்கும் இடத்திலெல்லாம் கொழுந்தன் எடுத்துப் படித்தான்.

"'கிடைச்சதா?' அடுத்து, 'எந்தத் தெரு?' அடுத்து, 'தனியா இருக்காளா?' இவனுக்குப் பெண் கொடுத்த மாமியார்கூட இப்படி நச்சரிக்க மாட்டாங்க அண்ணி."

"படிச்சதை அழிக்காம வெச்சுக்கோ," என்றாள் அண்ணி.

ஒன்பது மணி நெருங்கும்போது வண்டி ஓட்டுநருக்குப் பொறுமை போய்விட்டது. இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னம்மா இது, காலையிலேருந்து பின்னாடியே வர்றீங்க? குப்பையில நகை எதையாவது போட்டுத் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லைங்க. ஒண்ணு கேக்கணும். இனிமே நீங்க போற தெருவுல, யார் வீட்டுக் குப்பையிலயாவது வெள்ளையா, கல்லு மாதிரி இறுகிப்போன கட்டி வருதா?"

ஓட்டுநர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, பல்லு வீடு! அதை ஏம்மா கேக்கறீங்க. கூடை நிறைய வாயா வரும். மேல்வாய், கீழ்வாய், பல்லோட, பல் இல்லாம. முதல் நாள் பார்த்துட்டு என்கூட இருக்கறவர் வேலையே வேண்டாம்னு கீழே குதிச்சிட்டார். அப்புறம் பயந்துகிட்டே போய்க் கேட்டோம். பல் டாக்டருங்களுக்கு பல் செட் செஞ்சு கொடுக்கறாங்களாம். அடுத்த திருப்பம், கடைசி வீடு."

"அங்கே பேச்சு கொடுத்திருக்கீங்களா?"

"கதவுச் சங்கிலியைப் போட்டுக்கிட்டேதான் பேசுவாங்க. நல்ல மனுஷி."

அடுத்த திருப்பத்தில் முட்டுச் சந்து. கடைசியில் சாம்பல் நிறக் கதவு. வாசலில் கூடை. கூடையின் மேலே, யாரோ கொட்டாவி விடுவதுபோல் ஒரு பிளாஸ்டர் வாய் திறந்து கிடந்தது.

கொழுந்தனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த அலுவலகத்துக்கு வந்த நாளாக அவன் முதல் அடியை எடுத்துக் கொடுத்து முடிந்த வழக்கு இது ஒன்றுதான். வாசலைப் படம் எடுத்தான். இடத்தைப் போனில் குறித்தான். 'கிடைச்சாச்சு சார்' என்று தட்டச்சு செய்து, கட்டைவிரலை அனுப்பும் பொத்தானுக்குக் கொண்டுபோனான்.

அண்ணியின் உள்ளங்கை போன்மேல் வந்து மூடியது.

"அனுப்பாதே."

"ஏன்? அவங்கப்பா பெட்டியோட உட்கார்ந்திருக்கார் அண்ணி!"

"எந்த அப்பா?"

"அறுபத்தெட்டு வயசு..."

"நீ பார்த்தியா? குரலாவது கேட்டியா?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். கூடையில் கிடந்ததற்கும் அவனுக்கும் அந்த நேரத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

"மூணு துண்டையும் நேத்து ராத்திரி வரைக்கும் மனசுல ஓட்டிப் பார்த்தேன்டா," என்றாள் அண்ணி தணிந்த குரலில். "ஏமாத்த வர்றவ என்ன செய்வா? கேள்வி கேப்பா. வீடு சொந்தமா, கூட யார் இருக்காங்க, பையன் எங்கே இருக்கான், உடம்பு எப்படி இருக்கு... தேன் தடவித் தடவிக் கேப்பா. நான் பார்த்த அத்தனை மோசடிக்காரங்களுக்கும் காது பெருசு. இவ மூணு துண்டுலயும் ஒரு கேள்விகூடக் கேக்கலை. முழுக்கப் பதில்தான். சொல்ல மாட்டேன், திருப்ப மாட்டேன், வேற பேசுவோம்னு. அப்ப கேள்வி கேட்டது யாரு?"

"குரலை எடுத்த பக்கம்."

"மானத்துக்காக எடுக்கலை. கேள்வி நம்ம காதுல விழக் கூடாதுன்னு எடுத்திருக்கான். இப்ப அவன் அனுப்பினதையெல்லாம் மறுபடி படி."

கொழுந்தன் படித்தான். கிடைச்சதா. எந்தத் தெரு. தனியா இருக்காளா. கடைசியாக, கால் மணி முன்னால் வந்தது: பின்பக்கம் வழி இருக்கா.

"இவ யாரு, கெட்டவளா, இதுக்கு முன்னாடி யாரையாவது ஏமாத்தியிருக்காளா. அப்பாவைக் காப்பாத்த நினைக்கற பிள்ளைக்கு இதுல ஒண்ணாவது கேக்கத் தோணாதா? பின்வாசல் எதுக்குடா அவனுக்கு?"

கொழுந்தன் தட்டச்சு செய்ததை எழுத்தெழுத்தாக அழித்தான். "பூனைக்கு எலி வளையைக் காட்டிக் கொடுக்க இருந்தேன் அண்ணி."

"இருந்தோம். வண்டிக்குப் பின்னாடி போலாம்னு சொன்னது நான். இது என் ஊகம்தான். உறுதி பண்ணிக்கணும். நீ தள்ளி நில்லு."

அவள் மணியை அழுத்தினாள். கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் அதே மூக்குக்கண்ணாடி. முழங்கை வரை வெள்ளை.

"யார் நீங்க?"

அண்ணி அடையாள அட்டையை நீட்டினாள். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். அட்டையிலிருந்த எண்ணை விட்டுவிட்டு, போனில் தானே அலுவலகத்தின் பெயரைத் தேடி, கிடைத்த எண்ணுக்கு அடித்தாள். அண்ணியின் கூடைக்குள் மணி ஒலித்தது.

"சரி, சொல்லுங்க. சங்கிலி இப்படியே இருக்கட்டும்."

"அதுதான் சரி. நீங்க வீடியோ ஆப்புல வயசானவர் ஒருத்தரோட பேசறீங்களா? அறுபத்தெட்டு வயசு?"

"வயசானவங்க யாரும் இல்லை. ஒரு கப்பல் சமையல்காரர், ஒரு கல்லூரி டீச்சர், அப்புறம் புதுசு புதுசா யாராவது. அச்சுல கலவை ஊத்தினா இறுகற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும். நாள் முழுக்க வாயோடதான் இருக்கேன், ஒண்ணும் பேசாது. அதான் அந்த நேரம் மட்டும் யார்கிட்டயாவது பேசறது. மணி அடிச்சா அச்சை எடுக்கப் போயிடுவேன்."

"யாராவது உங்க வீடு எங்கேன்னு கேட்டாங்களா?"

அவள் முகம் மாறியது. "ஒருத்தன். முதல்ல நல்லாத்தான் பேசினான். அப்புறம் பேர், தெரு, கூட யாருன்னு ஒரே பிடி. தடை பண்ணினேன். வேற பேர்ல, வேற கணக்குல வந்தான். மறுபடி தடை பண்ணினேன். கடைசியா 'எப்படியும் கண்டுபிடிப்பேன்'னு எழுதினான். பல்லு இல்லாதவங்களுக்கே பல்லு கொடுக்கறவ நான், பல்லைக் காட்டறவனை அடையாளம் தெரியாதா? எல்லாத்தையும் தேதியோட படமா எடுத்து வெச்சுட்டுத்தான் தடை பண்ணினேன்."

"ஆள் எப்படி இருப்பான்?"

"முப்பது வயசு. வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருப்பான். சட்டையில ஒரு சுருக்கம் பார்த்ததில்லை."

கொழுந்தன் தெருவோரத்திலிருந்து மெதுவாகச் சொன்னான். "இஸ்திரி."

அண்ணி நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். யார் அனுப்பினார்கள், எதை வைத்து வந்தார்கள் என்பது வரை. கேட்டவள் உள்ளே தொங்கிய வெள்ளைத் துணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"துணி கட்டினேன். பேர் சொல்லலை. ஒண்ணையும் காட்டலை. அந்தப் பாழாப்போன வண்டி இருக்குன்னே எனக்குத் தோணலையே."

"தினம் கேக்கற சத்தம் காதுல விழாதும்மா. இன்னொண்ணும் இருக்கு. போனைக் கொடுக்க வேண்டாம், அப்படியே காட்டுங்க. டேய், இங்கே வா."

கொழுந்தன் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து வழி சொன்னான். ஆப்பின் அமைப்புக்குள், மூன்றாவது பக்கத்தில், 'பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தூரத்தைக் காட்டு' என்ற பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"இதை நான் போடவே இல்லையே தம்பி!"

"நீங்க போட வேண்டாங்க. நிறுவும்போது 'அனுமதி, அனுமதி'ன்னு நாலு தடவை கேட்டிருக்கும். கல்யாண வீட்டுல தலையாட்டற மாதிரி நாம எல்லாத்துக்கும் தலையாட்டிடுவோம். நானும்தான்."

அவள் பொத்தானை அணைத்தாள். பிறகு சங்கிலியை எடுத்தாள்.

உள்ளே, பற்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அண்ணி காவல் நிலையத்துக்குப் பேசினாள். அந்தப் பெண் தேதியோடு வைத்திருந்த படங்களும் இஸ்திரியின் செய்திகளும் அங்கே போயின. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஆள் இப்போது எங்கே?

"வரவழைச்சிடலாம்," என்றாள் அண்ணி. கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "முகவரி கேட்டானில்ல, அனுப்பு."

"எதை?"

"நம்ம வீட்டை. இன்னிக்குப் புதன்கிழமை. உங்க அண்ணன் துணி காயப்போடற நாள்."

கொழுந்தனின் முகத்தில் இரண்டு நாளில் முதல் தடவையாக முழுச் சிரிப்பு வந்தது. அனுப்பினான். 'கிடைச்சாச்சு சார். தனியாதான் இருக்காங்க. பின்பக்கம் கதவு இருக்கு.' அதற்கடுத்து அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"பின்பக்கமா வருவானா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே. போலீஸ் தெருமுனையில இருப்பாங்க. நீ கை வெச்சிடாதே."

"கையெல்லாம் எதுக்குடா. பேரைச் சொல்லி வரிசையில நில்லுன்னா நின்னுட்டுப் போறான்."

அரை மணிக்குள் இஸ்திரி வந்தான். அப்பா உடன் வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்று மாடி ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சந்து வழியாகப் பின்பக்கம் போய்ப் பூட்டில் கை வைத்தான். கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஆறடி உயரத்தில் ஒருவர் கையில் ஈரப் போர்வையோடு நின்றிருந்தார்.

"பேர்?" என்றார் அவர், பணியில் இருந்த காலத்துக் குரலில்.

இஸ்திரி தன்னையறியாமல் பேரைச் சொன்னான். நிஜப் பேர். அலுவலகத்தில் கொடுத்தது வேறு. திரும்பி ஓடப் பார்த்தபோது சந்தின் முனையில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். ஓடியதில் கொடிக்கயிறு தட்டி, காயப்போட்டிருந்த வேட்டி ஒன்று தலைமேல் விழுந்து, சட்டை முதல்முறையாகக் கசங்கியது.

"துவைச்ச வேட்டி," என்றார் அண்ணன் காவலர்களிடம். "அதையும் எழுதிக்குங்க."

அவன் பையில் இரும்புச் சங்கிலியை வெட்டும் கத்தரி ஒன்றும், கையுறையும் இருந்தன. அவனுடைய தந்தை காலமாகிப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில், ஆளைத் தேடித் தரச் சொல்லி வருகிறவரின் வீட்டுக்குத்தான் கொழுந்தன் முதலில் போகிறான். பல் செட் செய்யும் பெண் ஆப்பை விடவில்லை. வெள்ளைத் துணி அப்படியே தொங்குகிறது. கலவையை மட்டும் இப்போது குப்பை வண்டி போன பிறகு குழைக்கிறாள்.